சீதனமாக வந்த ஒன்பதாம் மாடி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் காலம் கீழ்த்தளத்தைவிட ஐந்து மடங்கு வேகமாக ஓடியது. மகள் சுபோதினிக்குச் சீதனமாக அந்த வீட்டை வாங்கியபோது நாகேந்திரம் கடற்காற்றைப் பற்றித்தான் விசாரித்தார். காலம் ஓடும் வேகத்தையெல்லாம் யார் விசாரிப்பார்கள்? கலியாணம் முடிந்த கிழமையே மாப்பிள்ளை பிரசாந் கனடாவுக்குத் திரும்பி லொறி ஓட்டப் போய்விட்டான். விசா வரும்வரை பெண் சீதன வீட்டிலேயே இருக்கட்டும், பூட்டிப் போட்டால் சனம் கதைக்கும் என்று இரண்டு பகுதியாரும் சொன்னார்கள். சனம் கதைக்காத நாள் எது, சொல்லுங்கள் பார்ப்போம்.

முதல் தைப்பொங்கலுக்குள் காஸ் சிலிண்டர்கள் வரிசையாக முடிந்தன, புதுப்பெண்ணுக்கு நரையும் விழுந்தது. இரண்டாம் மாடியில் பௌதிகவியல் டியூஷன் நடத்தும் வரதராசா மாஸ்டர் லிப்டில் வைத்து விளக்கினார்: "பூமியை விட்டு உயர உயர நேரம் கெதியா ஓடும், பிள்ளை. ஓடித்திரியிற ஆளுக்கு ஆறுதலா, மெல்லமாப் போகும். எல்லா இடத்திலயும் உள்ளதுதான், இங்க அளவு கூடிப்போச்சு." வீடியோவில் பார்க்கும் லொறிக்காரப் புருசனுக்கு ஏன் வயது போகவில்லை என்பதும் அதோடு அவளுக்கு விளங்கியது. கீழே ஒரு அறை எடுத்துத் தரச் சொல்லி சுபோதினி தகப்பனிடம் அழுதாள். "விசா வருகுதுதானே, பொறு பிள்ளை," என்றார் அவர். இரண்டு தரம் விசா மறுக்கப்பட்டது. அவளுக்குக் கண்ணாடி வந்தது, முழங்கால் வலி வந்தது, பிள்ளை பெறும் வயது போனது. லைன் சரியில்லை என்று சொல்லி வீடியோவில் முகம் காட்டாமல் விட்டாள். பாவம், வேறென்ன செய்வாள்.

ஐந்தாம் வருடம் விசா கிடைத்தது. கூட்டிப்போக வந்த பிரசாந்தின் முகம் கலியாண அல்பத்தில் இருந்த அதே முகம். கதவைத் திறந்தவளிடம், "மாமி, சுபோ எங்க?" என்று கேட்டான்.

"நான்தான் சுபோ," என்றாள்.

அவன் சுவரைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டான். அழுதான். இனி என்ன செய்கிறது என்று அவளையே கேட்டான்.

"நீங்கள் இங்க இருங்கோ. என்ர வயது வந்தாப் பிறகு எனக்கு ஃபோன் எடுங்கோ," என்று வீட்டுக் கதவின் திறப்பை அவன் மடியில் போட்டுவிட்டு அவள் இறங்கினாள். அவன் மறுக்கவில்லை. சுபோதினி கொட்டாஞ்சேனையில் கீழ்த்தளத்தில் அறை எடுத்து, பகல் முழுக்க பஸ்ஸில் ஓடித்திரிகிறாள். லிப்டில் சந்திப்பவர்கள் பிரசாந்திடம் இப்போது என்ன வயது என்று கேட்கிறார்கள். நாற்பது என்கிறான். தலையாட்டிவிட்டுத் தங்கள் தங்கள் மாடியில் இறங்கிவிடுகிறார்கள்.