சிவப்புப் புள்ளி

காலைக் கதிர் ஏறி வருகையில், ஒரகடத்து நெடுஞ்சாலையின் இருமருங்கும் தொழிற்சாலைகளின் தகட்டுக் கூரைகள் மின்ன, இரவெல்லாம் உழைத்தோரை வீடு சேர்த்தும் பகலில் உழைப்போரை அள்ளிக்கொண்டும் பேருந்துகள் ஊர, புத்தம்புது மகிழுந்துகளைச் சுமந்த சரக்குந்துகள் துறைமுகம் நோக்கி விரைய, இத்துணை ஆரவாரத்துக்கும் அசையாது ஏரிக்கரையில் நாரைகள் மீன் தேடி நிற்கும் வடக்குப்பட்டைக் கண்டவர், இது ஊரா ஆலையா என்று சற்றே மயங்குவர். அவ்வூரின் மேற்குத் தெருவில் செங்கமலத்தின் வீடு இருந்தது. அவள் கணவன் தசரதன் நெஞ்சுவலியால் மறைந்து ஒரு திங்கள் ஆகியிருந்தது.

அவன் விட்டுச்சென்றவற்றுள் ஒன்றை மட்டும் அவள் தொட அஞ்சினாள். அது நிலக்கடலையைக் கிளறும் காட்டுப்பன்றிகளை விரட்ட, உரிமம் பெற்று வைத்திருந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. உரிமம் உடையவன் மறைந்தபின் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே முறையாதலின், எடுத்துச்செல்லத் தன் அண்ணன் நாகப்பனை வரவழைத்திருந்தாள்.

நாகப்பன், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ஆலையில் பாதுகாப்புக் கண்காணிப்பாளன். இளமையில் அழுத்துப்பொறி ஒன்று அவனது வலக்கையின் கடைசி இரு விரல்களையும் கொண்டுபோயிற்று. சிவப்பு விளக்கு எரிந்தால் பொறி உறங்குகிறது, கையை நீட்டலாம்; பச்சை எரிந்தால் விழித்திருக்கிறது, விலகி நில் என்பதை அன்றுமுதல் மறையாகவே கொண்டு, புதிதாய்ச் சேர்வோர்க்கெல்லாம் ஓயாது ஓதி, எத்தனையோ கைகளைக் காத்தவன் அவன். மிக நல்லவன், ஆயின், தனக்கு விளங்காத பொறியும் உலகில் உண்டு என்று ஒப்புவதென்றால் மட்டும் அவனுக்கு வேப்பங்காய்.

வீட்டின் பின்புறத்துக் கட்டிலில் துப்பாக்கி கிடந்தது. கட்டிலின் எதிரே, குழல்கள் நோக்கிய பக்கத்தில், செங்கமலம் அதைச் சுற்றிக் கட்டக் கோணியை விரித்துப் பிடித்து நின்றாள்.

"உள்ள தோட்டா கீதுண்ணா. அவரு போட்டத எடுக்கவேயில்ல. ஸ்டேஷன்லர்ந்தே யாரையாச்சும் வரச் சொல்லலாமா?"

"இன்னாத்துக்கு? சேஃப்டி கீது இல்ல, நான் பாத்துக்கிறேன்."

குழல்களின் பின்னே, பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் சிறு குமிழ் ஒன்று இருந்தது. பூட்டியிருப்பதைக் காட்டவேண்டிய எழுத்துகள், தலைமுறை தலைமுறையாய்க் கைபட்டுத் தேய்ந்து அழிந்துபோயிருந்தன. நாகப்பன் குமிழை முன்னே தள்ளினான். அதன் பின்னால் செந்நிறப் புள்ளி ஒன்று வெளிப்பட்டது. அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, செவப்பு! நம்ம பிரஸ் மாதிரிதான். ஆஃப் ஆயிடுச்சி."

"இருந்தாலும் அதோட வாய எம்மேல காட்டாதண்ணா. அந்தாண்ட திருப்பு, பயமா கீது."

அவன் நகைத்தான். கைம்பெண்ணாகிவிட்ட தங்கையின் கலங்கிய கண்களைக் கண்டதும் நகை அடங்கியது. தேவையேயில்லை என்று எண்ணியவாறே, அவள் மனம் ஆறட்டும் என்பதற்காக மட்டும், குழல்களைக் கொல்லையோரத்துச் செங்கல் அடுக்கின் பக்கம் திருப்பித் தூக்கினான். இரு விரல் குறைந்த கையில் அதன் கனம் நிலைகொள்ளவில்லை. வழுவிய துப்பாக்கியை இறுகப் பற்றுகையில் சுட்டுவிரல் விசையில் சிக்கியது. இடி விழுந்ததுபோல் ஓர் ஓசை. செங்கற்கள் தூளாய்ப் பறந்தன.

மற்றொரு குழலில் இன்னும் தோட்டா இருந்தது. துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் நோக்கக் கிடத்தி, தங்கையை வாயிலுக்கு இழுத்துச்சென்று, காவல் நிலையத்துக்குத் தானே அழைப்பு விடுத்தான். வந்த காவலர் நடந்ததைக் கேட்டுக்கொண்டே துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்தார்.

"செவப்பு தெரிஞ்சா சுட ரெடின்னு அர்த்தம் சார். பின்னால இழுத்தாத்தான் லாக்கு. அந்த லாக்கும் விசைய மட்டுந்தான் புடிக்கும். உள்ள தோட்டாவ அடிக்கிற சுத்தி ஏறிக்கினேதான் இருக்கும். கீழ போட்டாக்கூட வெடிக்கலாம்."

நாகப்பன் வாயிற்படியில் அமர்ந்தான். பெற்றோர் இல்லாத வீட்டில் தான் தோளில் சுமந்து வளர்த்த தங்கை அவள். அவன் அழுதான், அதை மறைக்கவும் முயலவில்லை.

"நான் சொன்னது தப்பாப் போச்சே, செங்கமலம். என் கையாலயே உன்ன..."

"நான் சொன்னத கேட்டியேண்ணா," என்று அவள் அருகில் அமர்ந்தாள்.

அன்பரே, பொறிகளுக்கு மாந்தர் எத்துணைத் தாழ் அமைப்பினும், அத்தாழின் பொருளையே நாம் தலைகீழாய்க் கொள்ளும் நாளும் வருதல் கூடும். அந்நாளில், வெறும் அச்சம் என்று நமக்குத் தோன்றும் ஒருவர் சொல்லுக்கு, அவர்மேல் வைத்த அன்பினாலேனும் சற்றே கை திருப்புவோமாயின், அவர் நம் அருகில் அமர்ந்திருப்பார்.