உளிக்கலப்பைக்கு முன்னால்

"டிராக்டர் வர்ற நேரம். நீ உள்ள போய்க் கதவச் சாத்திக்கம்மா லூர்து" என்றார் அருள்நாதன் சித்தப்பா.

வீட்டை ஒட்டிய அந்த உழவுக்காடு லூர்துராணியுடையது. டிராக்டரை வரச் சொன்னவளும் அவள்தான். ஆனால் அவள் புருஷன் இறந்து மூன்று வருஷமாகிறது. முதல் உழவுக்கு அவள் முகம் ஆகாது. சித்தப்பா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தூறல் போடும்போது துணியை உள்ளே எடுக்கச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"சன்னலையும் சாத்தணுமா சித்தப்பா, இல்ல ஒத்தக் கண்ணால பாக்கலாமா?"

"கிண்டல் பண்ணாதம்மா. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

அவள் உள்ளே போனாள். அவள் தம்பி மார்ட்டின் வாசலில் காபியோடு நின்றிருந்தான். எடமலைப்பட்டி புதூரிலிருந்து முதல் பஸ் பிடித்து உப்பிலியபுரம் வந்திருந்தான். மனைவி ஆன்சி இறந்துபோன இந்த எட்டு மாதமாக அவன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

பிச்சை டிராக்டரைக் காட்டோரம் நிறுத்தினார். பின்னால் உளிக்கலப்பை. ஒரு சட்டம், இரண்டு நீண்ட இரும்புக் கால்கள், அவ்வளவுதான். சித்தப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது மண்ணப் பொரட்டாதாய்யா?"

"பொரட்டாதுங்க. அடியில போய்க் கெட்டிய மட்டும் பொளந்து விடும். மேல்மண்ணு மேலயே கெடக்கும்."

"கிண்டாம உப்புமா பண்ற மாதிரில்ல இருக்கு!"

வருஷக்கணக்காக டிராக்டர் ஏறி ஏறி, அந்தக் காட்டின் அடிமண் தளம் போட்டதுபோல் இறுகிக் கிடந்தது. போன மழையில் தண்ணீர் இறங்காமல் நின்று மக்காச்சோளம் வேரழுகிப் போனது. அதன்பிறகு லூர்துராணியே நாலு இடத்தில் விசாரித்து வரவழைத்த கலப்பை இது. அது தன் மண்ணில் இறங்குவதைப் பார்க்க ஒரு வாரமாகக் காத்திருந்தாள்.

சித்தப்பா மெழுகுவத்தி ஏற்றினார். தீர்த்தம் தெளித்தார். பங்குச் சாமியார் காதுக்குப் போகாது என்ற தைரியத்தில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார்.

"மார்ட்டின், வந்து முன்னால நில்லு. உன் முகத்துல வண்டிய எடுக்கட்டும்."

"என் முகத்துலயா?"

"வீட்டு ஆம்பள நீதானப்பா."

"ஆன்சி செத்து எட்டு மாசம் சித்தப்பா."

"அதுக்கு?"

"மச்சான் செத்ததுக்கு அக்கா உள்ள இருக்கு. ஆன்சி செத்ததுக்கு நான் எங்க இருக்கணும்?"

சித்தப்பா பிச்சையைப் பார்த்தார். பிச்சை ஸ்டீயரிங்கைப் பார்த்தார்.

"அது வேற, இது வேறப்பா. உனக்கென்ன, தை பொறந்தா பொண்ணு பாக்கப் போறோம். துறையூர்ல ஒரு எடம் வந்திருக்கு."

மார்ட்டின் காபியைக் கீழே வைத்தான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சன்னலோரம் நின்ற அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நீ எதுக்குடா உள்ள வந்த?"

"என் மூஞ்சியும் ஆகாது."

"துறையூர்ல எடம் வந்திருக்காமே. புது மாப்பிள்ள மூஞ்சி எல்லாத்துக்கும் ஆகும். எந்திரிச்சுப் போடா."

அவன் எழவில்லை. வெளியே எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. "மழைக்கு முந்தி இன்னும் நாலு காடு பாக்கணுங்க" என்றார் பிச்சை. சித்தப்பா மூடிய கதவைப் பார்த்து "மார்ட்டின், மார்ட்டின்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

லூர்துராணி தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"வேணாம் லூர்து, சொன்னாக் கேளு."

"இந்தக் காட்டுல களை வெட்டுனப்ப என் மூஞ்சி ஆச்சு. அழுகுன தட்டையப் புடுங்கிப் போட்டப்ப ஆச்சு. அப்பல்லாம் நீங்க கதவச் சாத்தச் சொல்லலையே சித்தப்பா."

அவள் நேராகப் போய் டிராக்டருக்கு எதிரில் நின்றாள். பிச்சை தன்னை நன்றாகப் பார்க்கும்வரை நின்றாள். பிறகு ஒதுங்கிக்கொண்டாள்.

"எடுங்க பிச்சை அண்ணே."

இரும்புக் கால்கள் மண்ணுக்குள் இறங்கின. மேலே இரண்டு கோடுகள் மட்டும் விழுந்தன. அடியில் ஏதோ விட்டுக்கொடுக்கிற அதிர்வு அவள் பாதத்துக்கு வந்தது. மார்ட்டினும் வெளியே வந்து அக்காவோடு நின்றான்.

உழுது முடித்ததும் சித்தப்பா ஒரு குச்சியைக் கோட்டில் குத்திப் பார்த்தார். முழங்கை ஆழம் போனது. பக்கத்துக் காடு அவருடையது. அங்கும் தண்ணீர் நிற்கத்தான் செய்கிறது.

"போற வழியில நம்ம காட்டுலயும் ஒரு ஓட்டு ஓட்டிடு பிச்சை."

சொல்லிவிட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கலப்பையின் கால்களில் ஊற்றத் தொடங்கினார்.

"எதுக்கு சித்தப்பா குளிப்பாட்டுறீங்க?" என்றாள் லூர்துராணி.

"மண்ணு ஒட்டியிருக்கும்மா."

"திரும்பவும் மண்ணுக்குள்ளதான போவுது?"

அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"என் மூஞ்சி பட்டது வண்டிக்கு முன்னால சித்தப்பா. நீங்க பின்னால கழுவுறீங்க."

பிச்சை துண்டால் வாயை மூடிக்கொண்டார். சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு மிச்சத் தண்ணீரோடு டிராக்டரின் முன்பக்கம் போனார்.