ஓடக்காரிகளின் வீடு

கிருஷாந்தி சிவப்புக் காயைத் தொட்டபோது அஸ்ஃபர் ஒரு கல்யாணத்துக்கு ஆடு வாங்கிக்கொண்டிருந்தான். "மூணு ஆடு பத்தாது அக்கா. ஊருக்கே சாப்பாடு போடணும். பட்டாளத்துக்காரன் முடிச்சு வெச்ச கலியாணம்னு பேர் ஈக்கணும்ல" என்று கைகளை விரித்தவன், மேசையின் நடுவுக்கு நீண்டு வந்த விரலைக் கண்டதும் கைகளை மெல்ல மடியில் இறக்கிக்கொண்டான். டிலக்சன் யன்னலைப் பார்த்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதான் விதி.

பிலிமத்தலாவையில் அஸ்ஃபரின் வாப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பகலோடு மூடிவிடுவார்கள். அதன் பிறகு மேல்மாடியில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட வாளிகளுக்கும் பேசின்களுக்கும் நடுவே, நான்கு பேர் ஒரு பலகையைச் சுற்றி உட்காருவார்கள். வங்கியில் வேலை செய்யும் டிலக்சன் கொழும்பில் படித்த காலத்தில் பழகிக்கொண்டு வந்த விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மழையும் காடும் வழியில் எதிர்ப்படும் மனிதர்களும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக அந்த உலகத்துக்குள் நடப்பார்கள். ஒரு காரியம் பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் பல முகங்கள் கொண்ட தாயக்கட்டையை உருட்டுவார்கள். அஸ்ஃபர் கூலிக்குப் போர் செய்யும் பட்டாளத்துக்காரன். டிலக்சன் எதை மந்திரித்தாலும் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எரித்துவிடும் மந்திரவாதி. கிருஷாந்தி ஒரு கள்ளன், எந்த வீட்டுக்குள்ளும் யன்னலால் மட்டுமே நுழைகிறவன். கதை நடத்துபவள் றீற்றா.

யாருக்காவது ஒரு காட்சி தாங்கமுடியாமல் போனால் நடுவில் வைத்திருக்கும் கரம்போர்ட் விளையாட்டின் சிவப்புக் காயைத் தொட்டால் போதும். அந்தக் காட்சி அந்த இடத்திலேயே நின்றுவிடும். நடக்காததாக ஆகிவிடும். ஏன் என்று கேட்பதில்லை. இதற்கு முன் ஒரேயொரு முறை டிலக்சன் தொட்டிருந்தான். பதுங்குகுழி ஒன்றை றீற்றா விவரித்துக்கொண்டிருந்தபோது. அவன் கிளிநொச்சியில் பிறந்தவன். அன்று யாருக்கும் காரணம் தேவைப்படவில்லை.

இன்று நின்றுபோனது ஓர் ஆற்றங்கரை. அங்கே ஓடம் விடும் இரண்டு பெண்கள், பூரணியும் மல்லியும். இருவரும் புருஷன் பெண்சாதி போல வாழ்கிறவர்கள் என்பதை றீற்றா, கூரை ஒழுகுகிறது என்று சொல்லும் அதே குரலில், போகிற போக்கில் சொன்னாள். அஸ்ஃபர் முதலில் சிரித்தான். பிறகு, "கலியாணம் முடிச்சிட்டாங்களா?" என்று கேட்டான். முடித்துவைக்க யாரும் இருக்கவில்லை என்றாள் றீற்றா. "இப்ப நாங்க வந்தீக்கிறோமே" என்றான் அவன். டிலக்சன் பந்தலுக்கு மந்திரத்தால் விளக்கேற்ற முயன்று பந்தலை எரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். கிருஷாந்தியும்தான்.

றீற்றா பல வாரங்களாக யோசித்துவைத்திருந்தது இந்தச் சிரிப்பைத்தான். அஸ்ஃபர், டிலக்சன் இருவருடைய முகமும் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும், மாறாவிட்டால் ஒருநாள் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவளும் கிருஷாந்தியும் அம்பிட்டியவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒரே அறையில் இருந்தார்கள். வீட்டுக்கார அம்மா அதை இரண்டு சிக்கனமான பெண்களின் ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் றீற்றாவின் தாயாரும் தெல்தோட்டையில் கிருஷாந்தியின் வீட்டாரும் அப்படியே. இந்த உலகத்தில் வேறு விதமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இரண்டு பேராவது வேண்டும் என்று றீற்றாவுக்கு இருந்தது. அதை அவள் கிருஷாந்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

காட்சியை நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். பூரணி ஆற வைத்த தேநீரையும் ஊதிக் குடிக்கிறாள் என்றாள் றீற்றா. வெட்கம் வந்தால் இடது காதின் தோட்டைத் திருகுகிறாள். சிரிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறாள். பட்டாளத்துக்காரனாக இருந்த அஸ்ஃபர் ஒரு கணம் அஸ்ஃபராகவே நிமிர்ந்து, "அட, இது நம்ம கிருஷாந்தி மாதிரியே ஈக்கிதே!" என்றான். சொல்லிவிட்டு ஆட்டுக்குப் போய்விட்டான். அவனுக்கு அது அவ்வளவுதான். கிருஷாந்தியின் கை அப்போது தோட்டில் இருந்தது. அங்கிருந்துதான் மேசைக்கு வந்தது.

கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நெரிசல். பேராதனை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்கள். அதன் பிறகு இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைத்தது. முன்னால் ஒரு குடும்பம், பின்னால் பல்கலைக்கழகப் பிள்ளைகள். கிருஷாந்தி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினாள்.

"அந்தப் பொம்பளைக்கு அந்தக் காதுத் தோட்ட எதுக்குக் குடுத்தீங்க?"

தனியாக இருக்கையில் அவள் றீற்றாவை நீ என்பாள். மற்றவர்கள் முன்னால் அக்கா, நீங்க. பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள்தான். இருந்தாலும் இந்த நீங்க அவர்களுக்காகச் சொல்லப்பட்டது அல்ல என்று றீற்றாவுக்குத் தோன்றியது.

"நான் யோசிச்சுக் குடுக்கேல்லை. அது தன்பாட்டில வந்திட்டுது."

"யோசிக்காம எப்புடி வரும்? டீய ஊதிக் குடிக்கிறதும் தன்பாட்டுல வந்துச்சா?"

"அவையளுக்குப் பூரணியைப் பிடிச்சிருந்தது. நீயே பாத்தாய். அஸ்ஃபர் ஆடு வாங்கினவன்."

"வெளையாட்டுல ஆடு வாங்குவாரு. எங்க சதீஸ் அண்ணே லொறிய நிப்பாட்டிட்டு அவரு கடை வாசல்லதான் டீ குடிக்குது. இவரு சும்மா சிரிச்சுக்கிட்டே ஒரு வார்த்த சொன்னா போதும். அன்னைக்கு அந்திக்கே பேச்சு தெல்தோட்டைக்குப் போயிரும்." பஸ் நின்றது. கிருஷாந்தி குரலைத் தாழ்த்தினாள். "பூரணிக்கு அண்ணன் இல்ல. ஆத்தங்கரையில அவளுக்கு யாருமே இல்ல. எனக்கு அப்புடியா?"

நில அளவைத் திணைக்களத்தில் றீற்றாவின் வேலை காணி வரைபடம் வரைவது. ஒரு கோட்டை எங்கே முடிக்க வேண்டும் என்பதில் அவள் கவனமானவள். கதை நடத்தும்போதும் அப்படித்தான். எந்தக் கதவு பூட்டியிருக்கும், எந்தக் காவல்காரன் தூங்குவான் என்று எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்திருப்பாள். பூரணியின் காது மட்டும் தீர்மானிக்கப்படாமல் வந்தது. அது பொய் இல்லை. ஆனால் அந்தக் காதை மற்றவர்கள் பார்த்த கணத்தில் தன் நெஞ்சில் எழுந்தது பயம் அல்ல, பெருமை. அதை அவள் இப்போதுதான் கண்டுகொண்டாள். பாருங்கள், என்னிடம் இருப்பது இது என்று காட்டுகிறவளின் பெருமை. காட்டப்பட்டவளை அந்த நேரத்தில் அவள் நினைக்கவே இல்லை.

வாரத்தின் நடுவே டிலக்சன் தொலைபேசியில் அழைத்தான். வேறு ஏதோ கேட்பவன் போல ஆரம்பித்தான்.

"அக்கா, விதி எனக்குத் தெரியும், ஏன் எண்டு கேக்கேல்லை. ஆனா கிருஷாந்திக்கு அந்த மாதிரி விசயம் அருவருப்புப் போல. நாங்கள்தான் கவனமில்லாமல் கூத்தடிச்சிட்டம். அஸ்ஃபருக்கும் ஒரு மாதிரிப் போச்சு."

"ஓம்" என்றாள் றீற்றா.

"இனி அந்தப் பக்கம் போகாம விடுவம். ஒண்டு மட்டும். அந்த ரெண்டு பேரையும் வெள்ளத்தில சாகடிச்சுப் போடாதேங்கோ. எங்கயாவது இருந்திட்டுப் போகட்டும். அஸ்ஃபரும் அதைத்தான் சொன்னவன்."

இரவுச் சாப்பாட்டுக்குப் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கிருஷாந்தியிடம் றீற்றா இதை அப்படியே சொன்னாள். "உனக்கு அருவருப்பாம்." கிருஷாந்தி சிரித்தாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நன்றாகவே சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கோ நின்றது. கத்தி மட்டும் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லதுதான். அப்புடியே நெனைச்சுக்கட்டும். அதைவிடப் பாதுகாப்பு வேற என்னா இருக்கு?" என்றாள். சற்றுக் கழித்து, "சாகடிக்க வேணாம்னு சொன்னாங்களா? ரெண்டு பேருமா?" என்று கேட்டாள்.

"ஓம்."

அடுத்த நாளிலிருந்து கிருஷாந்தி தோடு போடவில்லை. வேலைக்கும் வெறுங்காதோடு போனாள். பல்லேகல தொழிற்சாலையின் கணக்குப் பகுதியில் யாரோ கேட்டதற்குக் காது புண் என்று சொன்னாளாம். தன்னால் அவள் காதைப் பற்றிக்கூடப் பொய் சொல்லவேண்டி வந்திருக்கிறது என்று றீற்றா நினைத்தாள். மன்னிப்புக் கேட்டால் அது தன்னைப் பற்றிய பேச்சாகிவிடும் போல இருந்தது. கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் ஆற்றின் மேல் ஒரு பாலம் வரைந்து கொண்டுபோனாள். பாலம் இருந்தால் ஓடம் தேவையில்லை. வரைபடத்தைப் பலகையில் விரித்ததும் அஸ்ஃபர் பாலத்தைப் பார்த்தான், கரையைப் பார்த்தான், தேத்தண்ணிக் கோப்பையைக் கிருஷாந்தியின் பக்கமாக நகர்த்தினான். டிலக்சன் அவளை வழக்கமாக "என்ன கள்ளா" என்று சீண்டுகிறவன். இன்று "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்டான். இருவரும் பகிடிகளைச் சொல்லுமுன் ஒரு தடவை வாய்க்குள் உருட்டிப் பார்ப்பது தெரிந்தது. நோயாளி வீட்டுக்கு வந்தவர்கள் போல இருந்தார்கள். தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"பாலத்துக்கு வந்து சேர்ந்திட்டியள்" என்று றீற்றா தொடங்கினாள். "அந்தப் பக்கம் கோட்டையின்ர விளக்குத் தெரியுது."

"நான் பாலத்துல வரல" என்றாள் கிருஷாந்தி.

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"கள்ளன் ஆத்தோரமா எறங்கிப் போறான். அங்க ஒரு வீடு இருக்கும்."

டிலக்சன் தயங்கினான். "காயைத் தொட்டா அந்த இடமே இல்லை எண்டுதானே..."

"தொட்டது நான்தானே. நானே போறேன்."

"சரி" என்றாள் றீற்றா. வரைபடத்தில் அந்த இடத்தில் எதுவும் இல்லை, வெறும் தாள். "வீடு இருக்கு. யன்னல் திறந்துதான் கிடக்கு."

"கதவத் தட்டுறேன்."

"கள்ளன் கதவத் தட்டுறானா? யா அல்லாஹ், மறுமை நாள் கிட்டவாயிட்டு போல" என்றான் அஸ்ஃபர். பிறகு சொன்னது சரியா என்று பயந்தவன் போல அவளைப் பார்த்தான். கிருஷாந்தி அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவன் தோள்கள் தளர்ந்தன.

யார் கதவைத் திறப்பது என்று றீற்றா சொல்ல வேண்டும். அது அவளுடைய வேலை. எந்த முகத்தைக் கொடுத்தாலும் அதில் எங்காவது ஓர் ஓரத்தில் கிருஷாந்தி வந்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

"ஆர் திறக்கினம் எண்டு நீர் சொல்லும்" என்றாள்.

கிருஷாந்தி கோப்பையை எடுத்தாள். ஊதப் போனாள், ஊதாமல் குடித்தாள்.

"ஒரு பெரிய பொம்பள. அறுவது வயசுக்கு மேல இருக்கும். முன்பல்லு ரெண்டு இல்ல. ஒரு முழங்கால் மடங்காது, கம்பு ஊனிக்கிட்டுத்தான் நடக்கும். கருவாட்டு நாத்தம்." அவள் கண்கள் பலகையில் இருந்தன, ஆனால் குரல் தயங்கவில்லை. "கள்ளனப் பாத்துப் பயப்படல. யாருப்பா, சாப்பிட்டியான்னு கேக்குது. பேரு பூரணி."

"வயசாளியா?" என்றான் அஸ்ஃபர்.

"ஆமா. அந்த ஆத்துல ஓடம் விட ஆரம்பிச்சு முப்பது வருசத்துக்கு மேல. ஊருக்கே தெரியும். பாலம் கட்டுனப்புறம் யாரும் வர்றதில்ல, ஆனா போகல, அங்கேயே இருக்காங்க. கோழிக்கூட்ட யாரு மூடலன்னு இன்னைக்குக் காலையில இருந்து சண்ட."

டிலக்சன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் இந்த வாரத்தின் கவனம் இல்லை. "மற்ற ஆள் எங்க?"

"மல்லியா? உள்ளுக்குத்தான். கோவத்துல பேசாம படுத்துக் கெடக்கு." கிருஷாந்தி வாளி அடுக்குகளின் பக்கம் தலையைச் சாய்த்தாள், அங்கே ஒரு அறை இருப்பது போல. "பூரணி கதவுல நின்னுக்கிட்டே கத்துது. ஏய், ஆளு வந்திருக்கு, எந்திரிச்சு இன்னொரு தட்டு வை. பதில் இல்ல. இருமல் மட்டும் கேக்குது."

அவள் நிறுத்தினாள். கதையில் எதிர்ப்படும் மனிதர்களின் சத்தம் எல்லாம் கதை நடத்துபவளுக்கு உரியது. அஸ்ஃபர் காத்திருந்தான், டிலக்சன் காத்திருந்தான். கிருஷாந்தி வெறுங்காதோடு, முகத்தைத் திருப்பாமல், றீற்றாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

றீற்றா இருமினாள்.