ஒரு காதுப் பாட்டு

கொல்லைக் குழாயடியில் போர்வையை அலசிக்கொண்டிருந்த வத்ஸலாவின் தோளை யாரோ தொட்டார்கள். திரும்பினாள். பாத்திரம் தேய்க்க வருகிற கமலவேணி. அவள் வாய் அசைந்தது, பேச்சு கேட்கவில்லை. வத்ஸலா ஈரக் கையாலேயே காதிலிருந்த ஒயரைப் பிடுங்கினாள்.

"ஐயா எம்மா நேரமா தட்டிக்கினே இருக்காரு. தெருவரைக்கும் கேக்குது. நீ காதுல என்னமோ மாட்டிக்கினு இருக்கிறியேம்மா."

கட்டில் கம்பியில் கரண்டி மோதும் சத்தம் அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. உள்ளே ஓடினாள். கணவர் அழகியமணவாளனின் வேஷ்டி நனைந்து, ஆறி, சில்லிட்டுப் போயிருந்தது. அவர் அவளை முறைத்திருந்தால்கூடத் தேவலை. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"காதுல விழலைண்ணா" என்றாள். புரட்டி, துடைத்து, வேறு வேஷ்டி சுற்றிவிட்டாள். அவருடைய வலது காலைத் தூக்கும்போது அவள் இடுப்பில் வழக்கமான இடத்தில் பிடித்துக்கொண்டது. பக்கவாதம் வந்து எட்டு மாதம். இப்போது அவருக்குத் தெளிவாக வருகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: வேணாம்.

அந்தப் பாட்டுக் கருவி பெண் ஸௌம்யாவுடையது. விரல் நீளம்தான் இருக்கும். பங்குனியில் பெங்களூரிலிருந்து வந்தவள், புதிதாக வேறு வாங்கிவிட்டதால் இதை விட்டுப்போனாள். "பென்சில் பேட்டரி போட்டா போறும்மா. இந்தப் பட்டனை மட்டும் தொடாதே, எல்லாம் கலந்து கலந்து வரும்" என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். முதல் வாரமே வத்ஸலா அந்தப் பட்டனைத் தொட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எது முடிந்து எது வரும் என்று சொல்ல முடியவில்லை. அதுவே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இந்த வீட்டில் அடுத்தது என்ன என்று தெரியாத வேலை ஒன்றுகூடக் கிடையாது. பாடினது யார், எந்தப் படம் என்றெல்லாம் அவள் தேடவில்லை. இட்லிக்கு ஊறப்போடும்போது வந்த பாட்டு, வேஷ்டி பிழியும்போது வந்த பாட்டு என்றுதான் அடையாளம். எல்லாமே எப்போதோ கல்யாண மண்டபத்திலோ பஸ்ஸிலோ பாதி கேட்டு, பாதியில் இறங்கிப்போன பாட்டுகள். அழகியமணவாளன் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத வாத்தியார், பெருமாள் புறப்பாட்டில் கோஷ்டியோடு பிரபந்தம் சேவிக்கிறவர். முப்பத்தோரு வருஷம் அவருடைய ரேடியோவில் நியூஸும் கச்சேரியும் தவிர வேறு வந்ததில்லை. இப்போதுதான் ஒரு பாட்டை முழுசாகக் கேட்கிறாள். பாடுகிறவள் நடுவில் மூச்சு வாங்குவதுகூடக் காதுக்குள் கேட்டது.

வேஷ்டி நனைந்த அன்றைக்கு அந்தக் கருவியை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் சொருகிவிட்டாள். ஒரு வாரம் தொடவில்லை. வேலைகள் பழையபடி நீண்டுகொண்டே போயின. அவர் தட்டாதபோதும் தட்டுவதுபோல் கேட்டது.

ஒரு மத்தியானம் குழைத்த சாதத்தை ஊட்டி, வாய் துடைத்துவிட்டபோது அவர் இடது கையால் காதைத் தொட்டுக் காட்டினார். குடைகிறதாக்கும் என்று பஞ்சு எடுத்துவந்தாள். தலையை ஆட்டினார். காதிலிருந்து மார்வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்தார். அவளுக்குப் புரிந்தது. தூக்கி எறியத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள்.

"உங்களுக்கு வேண்டாம்ண்ணா. எல்லாம் சினிமாப் பாட்டு."

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. எடுத்துவந்து மாட்டிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பத் தரவில்லை. அன்றிலிருந்து அது அவருடையதாகிவிட்டது. பேட்டரி தீர்ந்தால்தான் கரண்டிச் சத்தம்.

"ஐயா இப்போ நிம்மதியா இருக்காரு. உனக்கும் நல்லதாப் போச்சும்மா" என்றாள் கமலவேணி.

"ஆமா" என்றாள் வத்ஸலா.

நல்லதுதான். ஆனால் போர்வை அலசும்போது, வீட்டில் தனக்கென்று இருந்த ஒன்றையும் வாங்கிக்கொண்டாரே என்று நெஞ்சு எரிந்தது. படுத்துக்கிடக்கிற மனுஷர்மேல் இப்படியா என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"சித்த நாழி குடுக்கறேளா? துணியைத் தோச்சுட்டுக் குடுத்துடறேன்."

"வேணாம்" என்றார், தெளிவாக.

வைகாசி வெயில் கூடத்து ஓட்டின்மேல் இறங்கிய பிற்பகல். அவருக்கு உடம்பு துடைத்துவிட்டு, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். அவர் காதிலிருந்து கசிந்த சத்தம் வண்டு முனகுவதுபோல் கேட்டது. எந்தப் பாட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. கையை நீட்டி, தன் பக்கம் இருந்த அவர் காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கினாள். அவர் கண்ணைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே அதைத் தன் காதில் செருகிக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஒயர் எட்டவில்லை. தலையணைவரைக்கும் குனிய வேண்டியிருந்தது.

தபேலா கேட்டது. வயலின்கள் எழுந்து அடங்கின. குரலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மறுபடி தபேலா. குரல் மட்டும் பிரிந்து அந்தப் பக்கம், அவர் காதில் இருந்தது.

அவருடைய உதட்டின் இடது ஓரம் மட்டும், சத்தமில்லாமல், சொற்களின் அளவுக்கு அசைந்துகொண்டிருந்தது. வத்ஸலா குனிந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.