சீனித்தாயின் இடம்

1

இடுப்பு வலியில்தான் இந்தக் கதை பிறந்தது. வாரமெல்லாம் உப்பு மூட்டை சுமப்பவனுக்கு ஞாயிறன்று சம்மணம் போட வராது. திரேஸ்புரத்தில் எங்கள் சின்னச் சபையின் பின்சுவரில் சாய்ந்துகொள்வேன். அங்கிருந்து பெண்கள் பக்கம் முழுக்கத் தெரியும். அவர்கள் பாயில் ஓர் ஆள் இடம் எப்போதும் காலி.

2

'கடல் அன்று அமைதியாக' (வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

சங்கதி இதுதான். சிப்பி பொறுக்கப் போன சீனித்தாய் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவள் இடத்தில் எங்கள் பெண்கள் உட்காருவதில்லை. பிற்பாடு அவள் புருஷன் பிரைட்டன் சரண்யாதேவியைக் கட்டினான். இப்போது அவனைச் சபை மூப்பராக்கப் போகிறார்கள். மூப்பருக்கு ஒரே மனைவிதான் இருக்கலாம் என்பது விதி. அடுத்தடுத்த ஞாயிறுகளில் பேரை வாசித்து மறுப்புக் கேட்பார்கள்.

(பிரைட்டன் நல்லவனா? குடிக்கமாட்டான், அடுத்தவன் வலையை அறுக்கமாட்டான். ஒரே மனைவியை வைத்துக்கொண்டு அவளை மிதிக்கிற மூப்பர்களையும் பார்த்திருக்கிறேன். விதி அவர்களைத் தொடாது.)

3

கடைசி வாசிப்பு. "மறுப்பு உண்டா?" என்றார் பாஸ்டர்.

சரண்யாதேவி எழுந்தாள். "எனக்கு இருக்கு."

"ஏளா, உக்காரு," என்றான் பிரைட்டன்.

"நீங்க சும்மா இருங்க. பாஸ்டர், எம் பக்கத்து இடத்தைத் தொட்டுப் பாருங்க. பாட்டு நேரத்துல அங்கன மூச்சு வாங்குது. இவரும் வீட்டுல சோறு கேக்கும்போது அவ பேரைத்தான் கூப்பிடுதாரு. அவ போகலைன்னா நான் யாரு?"

"மூப்பருக்கு ஒண்ணுல்லா கணக்கு. இவனுக்கு ஒண்ணரை," என்று என் காதருகில் முணுமுணுத்தார், என்னோடு சுவரில் சாய்ந்திருந்த காசிலிங்கம்.

பாஸ்டர் குனிந்து பாயில் கை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

"அவளுக்கு அடக்க ஆராதனை நடத்துங்க," என்றாள் சரண்யாதேவி. "பெறகு இவரை என்ன வேணும்னாலும் ஆக்குங்க."

"உடல் இல்லாம எப்படிம்மா?"

"நடத்தாதீங்க," என்றான் பிரைட்டன். "அவ வந்துட்டா?"

சரண்யாதேவி அவனையே பார்த்தாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எழுதி அடித்தேன். பின்பு...

4

முடிவு அ: பிரைட்டன் மூப்பராகிறான்.

முடிவு ஆ: சரண்யாதேவி பிறந்த வீடு போகிறாள்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் சரண்யாதேவி எழுந்த இடத்துக்கு, பக்கத்துக் காலி இடத்திலிருந்து யாரோ நகர்ந்து உட்காருகிறார்கள். நான் எழுதாமலே அது நடக்கிறது. நீங்கள் எதை எடுத்துக்கொண்டாலும் சரி. எங்கள் சபை சீனித்தாய்க்கு ஓர் அடக்க ஆராதனை பாக்கி.