ஒரு மணி பத்து நிமிஷம்

"மீனம்பாக்கத்துல ஃப்ளைட்டு ஏறுனா ஐதராபாத்து ஏர்போர்ட்டு ஷம்ஷாபாத்து ஒரு மணி பத்து நிமிஷம். அவ்ளோதாம்மா தூரம்" என்று தரகர் சுப்பராயன் பத்து நாளாக ஓதிக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி பத்து நிமிஷத்துக்காரனுக்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரியில் அஞ்சம்மாள் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் காத்துக் கிடந்தார்கள். மாப்பிள்ளை மோகன்ராஜுக்கு ஐதராபாத்தில் மருந்துக் கம்பெனி வேலை. காலை எட்டு மணிக்கு ரூமை விட்டுக் கிளம்பியவன். இப்போது மணி மூன்றே முக்கால். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண் பார்த்தாக வேண்டும்.

அஞ்சம்மாளுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இளைய மகள் பூமிகா மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்ததுமே தலையாட்டிவிட்டாள். கழுதைக்கு என்ன தெரியும்? பெண்ணை அவ்வளவு தூரம் கொடுப்பதில்லை என்று அஞ்சம்மாள் முடிவு கட்டி நாளாயிற்று. முறிக்க ஒரு சாக்குதான் வேண்டியிருந்தது.

"ஃப்ளைட்டு கரெக்ட் டைமுங்க. இப்ப மாதவரத்துல ட்ராஃபிக்காம்" என்றாள் மாப்பிள்ளையின் தாய் சுமலதா. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்தவள்தான். பேச்சில் மட்டும் கால் தரையில் படவில்லை.

"இன்னாம்மா கணக்கு இது?" என்று அஞ்சம்மாள் ஆரம்பித்தாள். "நாங்க மீனம்பாக்கத்துலயா குடியிருக்கோம்? உங்க புள்ள ரன்வேயில பாய் போட்டுப் படுத்துக்கினு இருக்குதா? அங்க ஊட்ட உட்டு ஏர்போர்ட் போவ ரெண்டு மணி. போயி சும்மா குந்திக்கினு இருக்க ரெண்டு மணி. இங்க எறங்கி, கண்டெய்னர் லாரி பின்னாடி ஊர்ந்து வர மூணு மணி. நடுவுல பறக்கறத மட்டும் பிட்டு எடுத்துக்கினு வந்து பக்கம் பக்கம்னா, நாங்க இன்னா கேனைங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த சுப்பராயன் விட்டத்தைப் பார்த்தார்.

"என் பெரியவள செவ்வாப்பேட்டையில குடுத்திருக்கேன். பேசின் பிரிட்ஜில ரயிலு மாறுனா வந்துடுவா. அதுக்குப் பேருதான் பக்கம்!"

கார் வந்து நின்றபோது மணி நாலு முப்பத்தைந்து. வியர்த்து விறுவிறுத்து இறங்கிய மாப்பிள்ளையை அஞ்சம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். பறந்து வந்த மூஞ்சியா இது? "வாங்க தம்பி. ராகுகாலம் பொறந்துடுச்சே, இன்னா பண்றது?" என்று வருத்தப்படுவதுபோலச் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் சமையலறைக்குள் புகுந்தாள்.

அங்கே பெரியவள் நந்தினி பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பட்டுப்புடவையில் பூமிகா, அழுகிற முகத்தோடு நின்றிருந்தாள்.

"ஒழிஞ்சுதுடி சனியன்! உங்கக்கா மாதிரி உன்னையும் பக்கத்துலயே குடுக்கறேன்" என்றாள் அஞ்சம்மாள்.

நந்தினி அடுப்பை அணைத்தாள். தங்கையின் கையில் காபித் தட்டைக் கொடுத்து, தோளைப் பிடித்துக் கூடத்துப் பக்கம் திருப்பினாள்.

"போடி. ராகுகாலமும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

"இன்னாடி பண்ற?"

"ரெண்டு வாட்டி என் ஊட்டுக்காரரு அடிச்சு அழுதுக்கினு ஓடியாந்தேன். ரெண்டு வாட்டியும் சாயங்கால வண்டியிலயே ஏத்தி உட்டுட்ட. பக்கந்தானம்மா, உனக்கு சுலபமா இருந்துது. இவ தூரமா போவட்டும். திருப்பி அனுப்ப உனக்கு ஒரு நாளாவது ஆவட்டும்."