பெர்னடெட் திருப்பாத குறி

குருநகர் சிமியோன் தன் பெண்பிள்ளைகள் இருவரையும் கன்னியர்மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே கடற்கரையில் பெரிய கதையாயிருந்தது. சீனியர் சோதனை எழுதவும் விடப்போகிறான் என்றதும் உறவுக்காரர் வாய்விட்டே சிரித்தார்கள். சோதனை நடப்பது பட்டணத்தில் வேறொரு பள்ளிக்கூடத்தில்.

"ரெண்டு பேரும் சோடியாய்ப் போறதெண்டால் போங்கோ. ஒருத்தியைத் தனிய விடமாட்டன்" என்று சிமியோன் சொல்லிவிட்டான். தங்கைக்காக மூத்தவள் பெர்னடெட் ஒரு வருடம் காத்திருந்தாள்.

இளையவள் சிசிலியாவுக்கு எழுத்துகளை வைத்துப் போடும் அட்சரகணிதம் என்றாலே பயம். அதிலும் சமனிலி அவளை வதைத்தது. மைனஸ் எண்ணால் வகுத்தால் 'சிறிது' என்ற குறியைப் 'பெரிது' என்று திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் மறந்துபோவாள். பெர்னடெட் மறந்ததேயில்லை.

"ரெண்டு சின்னன், மூண்டு பெரிசு. முன்னாலை மைனஸைப் போட்டுப் பாரடி, இப்ப எது பெரிசு?" என்று பொறுமையாய்க் கேட்பாள்.

சோதனை கிட்டிவிட்ட ஒரு பின்னேரம், பூவரசின்கீழ் பாய் விரித்து இருவரும் இருந்தார்கள். கணக்கு −2x < 8. பெர்னடெட் சிலேட்டில் x < −4 என்று எழுதினாள்.

சிசிலியா கைகொட்டிச் சிரித்தாள். "அக்கா, குறியைத் திருப்பேல்லை!"

பெர்னடெட் அழித்துவிட்டு எழுதினாள். அதே பிழை. திரும்பவும் அழித்தாள், திரும்பவும் அதே பிழை. சிசிலியாவின் சிரிப்பு அடங்கிப்போயிற்று. சிலேட்டை வாங்கப்போனவளின் விரல் அக்காவின் கையில் பட்டது. நெருப்பாய்க் கொதித்தது.

"எப்ப இருந்தக்கா காயுது?"

"சத்தம் போடாதை. அப்பு அறிஞ்சால் ரெண்டு பேரையும் மறிச்சுப்போடுவார்."

சிசிலியா தாய் லூர்த்தம்மாவிடம் ஓடினாள். நெருப்புக்காய்ச்சல் என்றார் டொக்டர், முற்றிவிட்டது என்றார். ஆசுப்பத்திரியில் வாய்பிதற்றிக் கிடந்த பெர்னடெட், தெளிந்த ஒரு வேளையில் தகப்பனின் கையைப் பிடித்தாள்.

"அப்பு, தங்கச்சியை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ."

"ஓம் பிள்ளை, ஓம்."

அடுத்த நாள் அவள் போய்விட்டாள்.

சோதனையன்று காலை சிசிலியா பாயைவிட்டு எழவில்லை. "அக்கா இல்லாமல் எனக்கென்னத்துக்கு அப்பு?"

"வாக்குக் குடுத்திட்டன். எழும்பு பிள்ளை." சிமியோன் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தான்.

மண்டபத்தில் அவளுக்கு முன்னிருந்த மேசை வெறுமையாயிருந்தது. பெர்னடெட்டின் இலக்கம் அதில் ஒட்டியிருந்தது. கண்ணீர் தாளில் விழாதபடி முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு சிசிலியா எழுதினாள்.

மாதங்கள் கழித்து, முடிவு பார்க்கப் பட்டணத்துக்குப் போயிருந்த சிமியோன் திரும்பிவந்து படலை வாசலில் நின்றான். துக்கவீட்டில் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"பாஸ் பண்ணிப்போட்டாய்" என்றான் சிசிலியாவிடம் மெல்ல. சொன்னவன் உள்ளே வராமல் கடற்கரைப் பக்கம் நடந்தான்.

லூர்த்தம்மா குரலெடுத்து அழுதாள். செத்தவீட்டன்று அழுததைப்போல அழுதாள். சத்தம் கேட்டு அயலட்டைப் பெண்கள் ஓடிவந்தார்கள். சோதனை முடிவு வந்திருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். ஒருத்தி சிசிலியாவை அணைத்துத் தலையைத் தடவினாள்.

"கவலைப்படாதை மேனை. அடுத்தமுறை எடுக்கலாம்."

சிசிலியா மறுத்துச் சொல்லவில்லை. அந்த மனுசியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.